ஒரு வாளித் தண்ணீரில் இருபது கார்

சென்னையில் எந்த அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் காலை ஆறு மணிக்குப் போய் நின்றாலும் இதைப் பார்க்கலாம். ஒருவர் சைக்கிளில் வருவார். ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் வாளி, கேரியரில் பழைய பனியன் துணி, மஞ்சள் துணி. குழாயில் ஒரு வாளி பிடித்துக்கொண்டு முதல் காரில் ஆரம்பிப்பார். துணியை நனைத்துப் பிழிந்து கூரையில் ஒரு இழு, பானெட்டில் வட்டமாக நாலு சுற்று, கதவு, டிக்கி, கடைசியில் சக்கரம். அப்புறம் அதே துணி, அதே வாளி, அடுத்த கார். எட்டு மணிக்குள் இருபது கார் முடிந்தாக வேண்டும். பத்தாவது காருக்கு வரும்போது வாளியின் அடி தெரியாத அளவுக்குத் தண்ணீர் கலங்கிவிட்டிருக்கும்.

பெயின்ட்டைக் கெடுப்பது வெயிலும் மழையும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அவையும் கெடுக்கும்தான். ஆனால் நம்மூர் கார்களில் நான் பார்க்கும் சேதத்தில் பெரும்பங்கு இந்தத் தினசரித் துடைப்பால் வருவது. சாலையில் ஓடிக் கெட்ட வண்டிகளைவிட, நிறுத்திய இடத்தில் துடைத்துத் துடைத்தே கெட்ட வண்டிகள் அதிகம் என்று அடித்துச் சொல்வேன்.

நம்பாதவர்கள் ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்குக்குக் கீழே ஒரு கறுப்புக் காரின் பானெட்டைப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். உண்மையில் அவை வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் கீறல்கள் கிடக்கின்றன. விளக்கொளிக்குக் குறுக்காக விழுந்தவை மட்டும் மின்னுவதால் நம் கண்ணுக்கு வட்டமாகப் படுகிறது. வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல் இருக்கும், தெரியாது, அவ்வளவுதான். வெள்ளைக் கார் வாங்கினால் பராமரிப்பு சுலபம் என்று சொல்வதன் பொருள், சேதம் கண்ணில் படாது என்பதுதான்.

நகரத் தூசியில் பெரும்பகுதி நுண்ணிய மணல். மணல் என்றால் குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. சாதாரண இரும்பைக் கீறக்கூடிய பொருள் அது. அதைப் பெயின்ட்டின் மேல் வைத்து ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. துணி எவ்வளவு மென்மையானது என்பது இங்கே கணக்கே இல்லை. துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

சரி, அந்தப் பெயின்ட் எவ்வளவு தடிமன்? தகட்டின் மேல் முதலில் ஒரு பாஸ்பேட் பூச்சு. பிறகு வண்டியின் கூட்டையே தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சிப் படிய வைக்கும் பிரைமர். துருவைத் தடுப்பது அதுதான். அதன் மேல் இன்னொரு பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். இத்தனை அடுக்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரைதான். ஜெராக்ஸ் கடையில் வைத்திருக்கும் ஏ4 தாளின் தடிமன் சுமார் 100 மைக்ரான். அதாவது நாம் பல லட்சம் கொடுத்து வாங்கும் வண்டியின் முழு மேனியும் ஒரு காகிதத் தாளின் கனம். அதிலும் கிளியர் கோட் மட்டும் என்றால் 40 மைக்ரான் சுமார் இருக்கும், அந்தத் தாளில் பாதிகூட இல்லை.

அந்த 40 மைக்ரானுக்குள்தான் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ரசாயனம் கலந்திருக்கிறது. கீறல் போகட்டும் என்று மெஷின் வைத்து காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை போட்டால், கீறல் மறைவது அதைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து மட்டம் செய்வதால். ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும். போனது போனதுதான். சர்வீஸ் விடும்போதெல்லாம் "காம்பவுண்ட் அடிச்சு பாலிஷ் போட்டுரலாம் சார்" என்பதற்குத் தலையாட்டும் வண்டிகளில்தான், சில வருடங்களில் கூரையிலும் பானெட்டிலும் கிளியர் கோட் வெள்ளை வெள்ளையாக உரிய ஆரம்பிக்கும். அதன் பிறகு எந்த வாக்ஸாலும் பயன் இல்லை, மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

என் பெரியப்பா மதுரையில் டாக்ஸி ஓட்டினார். அம்பாசிடர், கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பாலிஷ் டப்பாவைத் திறந்து வண்டி முழுக்கத் தேய்ப்பார். கையிலிருக்கும் வெள்ளைத் துணி கறுப்பாகிவிடும். அழுக்கு என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அது பெயின்ட். அந்தக் காலத்து வண்டிக்குக் கிளியர் கோட் கிடையாது; நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில். வெயிலில் மேல்தோல் மங்கிப்போனால் அதைத் தேய்த்து எடுத்தாலே புதுப் பளபளப்பு வரும், அதனால் அடிக்கடி தேய்ப்பதற்கு ஒரு நியாயம் இருந்தது. போதாததற்கு டிங்கரிங் கடையில் டூகோ மேலே மேலே அடித்துக்கொண்டே இருப்பார்கள். 1920களில் அமெரிக்காவின் டுபான்ட் கொண்டுவந்து, ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களுக்கு அடித்த பெயின்ட் அது. பெயர் மட்டும் இன்றும் நம் பெயின்டர்கள் வாயில் இருக்கிறது. தேய்த்தால்தான் வண்டி மின்னும் என்ற எண்ணம் நமக்கு அந்த வண்டிகளிடமிருந்து வந்தது. வண்டி மாறிவிட்டது. கைப்பழக்கம் மாறவில்லை.

இனி தண்ணீர். சென்னையில் கார் கழுவுவதைப் பற்றிப் பேசினால் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

பல பகுதிகளில் போர்வெல் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 500. வேறு வழியில்லை என்றால் 2000 வரை. இந்தத் தண்ணீர் காரின் மேல் காய்ந்தால் தண்ணீர் மட்டும்தான் போகும், கால்சியமும் மெக்னீசியமும் அங்கேயே தங்கும். சொட்டு சொட்டாக வெள்ளை வளையங்கள். நிழலில் காய்ந்தால் அடுத்த கழுவலில் ஓரளவு போய்விடும். வெயிலில் சுட்டுக் கிடக்கும் பானெட்டில் காய்ந்து, அதன் மேல் மறுபடி காய்ந்து, மாதக்கணக்கில் இருந்தால் கிளியர் கோட்டிலேயே அச்சுப் பதிந்துவிடும். புதிய கறைக்கு வெள்ளை வினிகரில் சம அளவு நல்ல தண்ணீர் கலந்து, அதில் நனைத்த துணியை ஓரிரு நிமிடம் கறை மேல் போட்டு எடுத்து, உடனே அலசினால் போதும். பழைய கறைக்கு அது போதாது.

ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் கார் கழுவுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தண்ணீரை மிச்சம் பிடிக்கும் எண்ணம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆர்ஓ என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உப்பை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி நமக்கு நல்ல தண்ணீரைத் தருகிறது. ஒதுக்கிய உப்பு எங்கே போகும்? அந்தக் கழிவுத் தண்ணீரில்தான். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு லிட்டர் வெளியே போகும் மெஷினில், கழிவின் டிடிஎஸ் உள்ளே போன தண்ணீரைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தரை துடைக்க, பாத்ரூம் கழுவ, காரின் சக்கரத்துக்கும் அடிப்பாகத்துச் சேற்றுக்கும் தாராளமாக ஊற்றலாம். பானெட்டின் கடைசி அலசலுக்கு அதைவிட மோசமான தண்ணீர் வீட்டில் வேறு இல்லை.

கடைசி அலசலுக்கு மிகச் சிறந்த தண்ணீரும் வீட்டிலேயே இருக்கிறது. பால்கனியில் ஏசி குழாயிலிருந்து சொட்டுகிறதே, அதுதான். காற்றின் ஈரம் குளிர்ந்து நீரானது. உப்பே கிடையாது என்று சொல்லலாம். மின்னணுக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குப் பேனா அளவில் டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. எங்கள் போர்வெல் தண்ணீரில் வைத்தால் நான்கு இலக்கம் காட்டுகிற மீட்டர், ஏசி தண்ணீரில் இரண்டு இலக்கத்தைத் தாண்டுவதில்லை. சென்னையின் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏசி ஒரு இரவு ஓடினாலே வாளி நிறைந்துவிடும். ஏசிக்குள் இருக்கும் தூசி கொஞ்சம் கலந்து வரும், அதனால் வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொள்வேன். போர்வெல் தண்ணீரில் கழுவி, இந்தத் தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி முடித்தால், துடைக்க ஐந்து நிமிடம் தாமதமானாலும் வளையம் விழுவதில்லை. நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

2019 கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த வருடம் ஓஸ் பைப் பிடித்துக் கார் கழுவுவது யாருக்கும் மனம் வராத காரியம். ரின்ஸ்லெஸ் வாஷ் எனப்படும் திரவம் எனக்கு அப்போதுதான் அறிமுகம். அதிலுள்ள பாலிமர்கள் தூசித் துகளைச் சுற்றிக்கொண்டு வழுக்க வைக்கும், அலசவே தேவையில்லை. அரை வாளித் தண்ணீரில் ஒரு மூடிகூட வேண்டியதில்லை. முதலில் அதையே ஸ்ப்ரேயரில் ஊற்றி வண்டி முழுக்க அடித்து ஊறவிட வேண்டும். பிறகு நனைத்த மைக்ரோஃபைபர் துணியை நாலாக மடித்து, ஒரு மடிப்புக்கு ஒரு பகுதி என்று துடைக்க வேண்டும். அழுக்கான மடிப்பு மறுபடி வண்டியைத் தொடக் கூடாது. சேறு அப்பிய வண்டிக்கு இது ஆகாது. தூசி மட்டும் படிந்த நகரத்து வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியாது.

சேறு இருந்தால் முழுக் கழுவல்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் வரிசையில்தான் இருக்கிறது. வண்டியை நிழலில் நிறுத்தி, பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். சூடு தெரிந்தால் காத்திருப்பேன். சூட்டில் ஷாம்பு காய்ந்துவிடும். சக்கரங்களை முதலில் முடித்துவிடுவேன், அதற்கென்று தனி பிரஷ், தனித் துணி. பிரேக் தேய்ந்து வரும் இரும்புத் துகள்கள் அங்கேதான் இருக்கின்றன, அந்தத் துணி ஒருபோதும் மேலே வரக் கூடாது. பிறகு வெறும் தண்ணீர், மேலிருந்து கீழே, நிதானமாக. கை வைக்கும் முன் எவ்வளவு மண் தானாக ஓடுகிறதோ அவ்வளவும் நமக்கு லாபம். சக்கரத்தின் மேல் வளைவின் உள்விளிம்பில் விரல் விட்டுப் பார்த்தால் ஒரு கைப்பிடி மண் இருக்கும். அங்கே நன்றாக அடிக்க வேண்டும், துருவும் அங்கேதான் தொடங்கும்.

அடுத்து இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கிளவ்ஸை ஷாம்பு வாளியில் முக்கிக் கூரையில் ஆரம்பித்து, அழுத்தாமல், நேர்க்கோட்டில் இழுப்பேன். ஒரு பகுதி முடிந்ததும் கிளவ்ஸை இரண்டாவது வாளியில் அலசிப் பிழிந்த பிறகுதான் மறுபடி ஷாம்பு. கழுவி முடித்து அந்த இரண்டாவது வாளியைச் சாய்த்துப் பாருங்கள்: அடியில் மணல் படிந்திருக்கும். ஒரே வாளி வைத்திருந்தால் அவ்வளவும் திரும்பத் திரும்ப வண்டிக்கே போயிருக்கும். கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரும் கடைசியில். பாத்திரம் தேய்க்கும் திரவம் வேண்டாம், பூசிய வாக்ஸை உரித்துவிடும். துணி துவைக்கும் பவுடர் அதைவிட மோசம், அதில் காரம் அதிகம். கார் ஷாம்பு ஒரு பாட்டில் வாங்கினால் வருடம் ஓடும். கடைசியில் ஏசி தண்ணீர், பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுத்தல், முடிந்தது. துண்டு தரையில் விழுந்தால் அன்றைக்கு அதற்கு வேலை கிடையாது.

மேலே விழுபவை தனிக் கதை. காக்கை எச்சத்தை அன்றே எடுக்க வேண்டும். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. அது மட்டும் அல்ல, நடுப்பகல் சூட்டில் கிளியர் கோட் லேசாக இளகி, சாயங்காலம் குளிர்ந்து இறுகும்போது காய்ந்த எச்சத்தின் வடிவத்துக்கே இறுகிவிடும். எச்சத்தை எடுத்த பிறகும் மங்கலாக அடையாளம் நிற்பது அதனால்தான். நகத்தால் சுரண்டாதீர்கள், ஈரத்துணியைப் போட்டுச் சில நிமிடம் ஊறவிட்டு அப்படியே தூக்குங்கள். நிழல் கிடைத்ததே என்று தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துவதைவிட வெயிலே தேவலை என்பேன், அந்தப் பிசுபிசுப்பில் ஒரு நாள் தூசி முழுக்க ஒட்டிக்கொள்ளும். நாவல் பழக் காலத்தில் நாவல் மரத்தடி கூடவே கூடாது. புதிதாகப் போட்ட சாலையில் ஓடித் தார் தெறித்திருந்தால் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டால் இளகும், பிறகு ஷாம்பு போட்டுக் கழுவிவிடலாம்.

ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது எனக்கும் பிடித்த விஷயம்தான். ஆனால் பானெட்டில் மூன்று விரலால் இழுத்த சந்தனம் வெயிலில் காய்ந்து ஒரு வாரம் இருப்பதும், வெள்ளைக் காரில் குங்குமச் சிவப்பு ஊறி நிற்பதும் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் முன் கண்ணாடியின் ஓரத்தில் வைத்துவிடுகிறோம். கண்ணாடிக்கு எதுவும் ஆகாது. அம்மாவிடம் சொன்னேன், "சாமிக்கு எங்க வெச்சா என்னடா" என்று முடித்துவிட்டார்.

வாக்ஸ் போடவும் அந்த நாட்கள்தான் தோது. எப்படியும் வண்டியைத் தேய்த்துக் கழுவியிருப்போம், அடுத்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். நல்ல வாக்ஸ்களில் இருப்பது கார்னாபா. பிரேசிலின் வடகிழக்கில், சியரா, பியாவி மாநிலங்களின் வறண்ட நிலத்தில் வளரும் ஒரு பனை வகை. நம் பனையைப் போலவே விசிறி ஓலை. கோடையில் ஈரம் போகாமலிருக்க அது தன் ஓலை மேல் மெழுகைப் பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்தால் மெழுகு பொடியாக உதிரும். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மினுமினுப்புத் தருவதும் அதே மெழுகுதான். உருகுநிலை 82 முதல் 86 டிகிரி. இயற்கை மெழுகுகளில் இவ்வளவு கடினமானது அரிது. ஆனால் டப்பாவில் வருவது எண்ணெயும் கரைப்பானும் கலந்த கலவை. வெயிலில் நிற்கும் கறுப்புத் தகடு 70 டிகிரியைத் தொடும் ஊரில் அது ஒன்றிரண்டு மாதம் நின்றால் அதிகம். செயற்கை சீலன்ட் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்.

பூசும்போது கை குறைய வேண்டும். ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெல்லியதாக, ஒவ்வொரு பகுதியாகப் பூசுங்கள். சில நிமிடத்தில் மங்கலாகக் காயும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். விரல் போன இடம் சுத்தமாகப் பளபளத்தால் துடைத்து எடுக்கலாம். ஈஷினால் இன்னும் பொறுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளையாகப் படிந்து போகவே போகாது. தடிமனாகப் பூசினால் நிறைய பாதுகாப்பு என்று எதுவும் இல்லை, துடைக்கும்போது கை வலிக்கும், அவ்வளவுதான்.

வாக்ஸ் போட்ட வண்டியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் பார்த்து மகிழ்வோம். மழைத் தண்ணீர் என்றால் சரி. போர்வெல் தண்ணீர் அப்படி நின்றால் ஒவ்வொரு முத்தும் ஒரு வளையம். வாக்ஸ் போட்ட பிறகுதான் ஈரத்தைத் துடைப்பதில் இன்னும் கவனம் வேண்டும்.

செராமிக் கோட்டிங் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: நல்ல பூச்சுதான், சில வருடம் நிற்கும், அழுக்கு எளிதில் ஒட்டாது. ஆனால் விளம்பரத்தில் சொல்லும் 9எச் என்பது பென்சில் அளவுகோல். 9எச் பென்சில் முனையால் கீறினாலும் விழாது என்று பொருள். மணலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பல ஆயிரம் ரூபாய்க்கு அதைப் போட்டுவிட்டு, மறுநாள் காலை அதே வாளித் துணிக்கு வண்டியைக் கொடுக்கிறார்கள்.

எங்கள் பார்க்கிங்கில் துடைக்க வருபவரிடம் இதைப் பேசினேன்.

"அண்ணே, என் வண்டிய தினமும் தொட வேணாம். வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். காசு அதேதான்."

"ஏன் சார், வேல சரியில்லையா?"

அப்படி இல்லை என்று விளக்கி, ரின்ஸ்லெஸ் பாட்டிலையும் துணிகளையும் கொடுத்து, மடிப்பு மாற்றித் துடைப்பதைக் காட்டினேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். கையில் அவ்வளவு வருடப் பழக்கம். பிறகு சொன்னார்: "எனக்கும் இது சுலபம்தான் சார். ஆனா மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க. ஒரு நாள் தூசி தெரிஞ்சாலே செக்யூரிட்டிகிட்ட கேட்டு போன் பண்ணிருவாங்க."

அவர் மேல் தவறு சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் அசோசியேஷன் அனுமதிப்பதில்லை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நாம் அனுமதிப்பதில்லை. தூசி வண்டியின் மேல் சும்மா படிந்திருந்தால் பெயின்ட்டுக்கு ஒரு கெடுதலும் இல்லை. அதைத் தேய்க்கும்போதுதான் கெடுதல். இதை வண்டிக்காரர்கள் நாம்தான் அவரிடம் சொல்ல வேண்டும், காசைக் குறைக்காமல். எங்கள் பிளாக்கில் இப்போது இன்னும் சில வீடுகள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. அந்த வண்டிகளுக்கு அவர் தனி வாளியே வைத்துக்கொண்டுவிட்டார்.

ஒரே ஒரு விஷயம் மிச்சம். டிங்கரிங் முடிந்து கதவுக்கோ பம்பருக்கோ புதிதாகப் பெயின்ட் அடித்து வாங்கியிருந்தால், அந்தப் பாகத்துக்கு மட்டும் ஒரு மாதமாவது வாக்ஸ் வேண்டாம். கம்பெனி பெயின்ட் போல அது அதிகச் சூட்டில் வெந்து இறுகியது அல்ல; உள்ளே இருக்கும் கரைப்பான் ஆவியாக நாள் வேண்டும். அதுவரை தண்ணீரும் ஷாம்புவும் மட்டும் போதும்.